மூன்று வயல் தூரம்

காலை ஆறு பத்து. பாளையங்கோட்டை மைதானத்தை ஒட்டிய நடைபாதையின் திருப்பத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாயின் விலா எலும்புகள். அடுத்து ஒரு சிவப்பு வார். கடைசியாக, அந்த வாரின் மறுமுனையில் இழுபட்டு வந்த ஓர் இளைஞர். என்னைத் தாண்டிப் போகவேண்டிய நாய் நின்று, என் கைலியின் நுனியை வாயில் எடுத்துக்கொண்டது. கடிக்கவில்லை. வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"கன்னியா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல சார், விப்பெட்டு. வெளிநாட்டுச் சாதி. ஏ, விடு... விடுங்கேன்லா!"

"எத்தன மாசம் ஆவுது?"

"பத்து. வீட்டுல ஒரு செருப்பு சோடியா இல்ல சார். நேத்து எங்கம்மா மூக்குக்கண்ணாடியத் தூக்கிட்டு மாடிக்கு ஓடிட்டு. கண்ணாடி இல்லாம அம்மாவுக்கு அது எங்கன நிக்குன்னே தெரியல."

குனிந்து அதன் கழுத்தைத் தொட்டேன். ஓடிவந்த சூட்டில் இந்த வகை நாய்களின் உடம்பிலிருந்து ஒரு வாசனை வரும். வறுத்த வேர்க்கடலைத் தோலின் வாசனைக்கு மிக அருகில் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும்வரை அது என் விரல்களில் இருந்தது. சொல்லப்போனால் அந்த வாசனைதான் இதை எழுத வைக்கிறது.

எங்களிடம் இருந்தது கன்னி. சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்றால் பலருக்குத் தெரியும். கன்னி என்றால் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும். கறுப்பு உடம்பு, கண்களுக்கு மேலே இரண்டு செம்பொட்டு, நூல் போன்ற வால். என் மனைவி வடிவுக்கு ஊர் கயத்தாற்றுக்குக் கிழக்கே, கரிசல் பக்கம். அவள் வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கூடவே ஒரு கன்னிக் குட்டியையும் கொடுப்பார்கள். விற்பது கிடையாது. நான் நகரத்துக்காரன், குத்துவிளக்கு, மிதியடி, கட்டில் என்று வந்த வரிசையின் கடைசியில் தூக்குவாளிக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கொடையோடு ஒரு கட்டுப்பாடும் வரும். நாயைக் கட்டிப்போடக் கூடாது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வருவார், வாசலுக்கு வெளியே நின்று கூப்பிடுவார், வந்த நாயின் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். கயிற்றின் தடம் இருந்தால் நாய் அவரோடு திரும்பிப் போய்விடும். இதை என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வாயால் சொன்னதே இல்லை. வடிவுதான் சொன்னாள். அவளுடைய அத்தை மகளைக் களக்காட்டில் கொடுத்திருந்தார்கள். அங்கே நாயைத் தொழுவத்தில் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாராம் மாமா. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஊருக்கு வந்தால், "நாயத் தக்க வைக்கத் தெரியாதவ" என்று குழாயடியில் ஒரு பேச்சு இருந்ததாம். வடிவு சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் அப்போது ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். பிற்பகல் போய் நள்ளிரவுக்கு மேல் திரும்புகிற வேலை. மற்றவர்கள் போட்ட காற்புள்ளிகளை எடுப்பதும், எடுத்ததைத் திரும்பப் போடுவதுமாகப் பொழுது போகும். குட்டி சுருண்டு படுத்தால் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும், தலை கனத்து வால் மெலிந்து. கமா என்று பெயர் வைத்தேன். வடிவு வேலை பார்த்த அஞ்சலகத்துத் தோழிகள், "பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் ஒரு பேரா?" என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

எட்டாவது மாதம்வரை கமா ஒரு நல்ல பெண். அதற்குப் பிறகு கால்கள் மட்டும் வளர்ந்தன, புத்தி பின்தங்கிவிட்டது. காலையில் நான் பத்திரிகையைப் பிரித்தால் மறுபக்கத்திலிருந்து மூக்கால் கிழித்துக்கொண்டு வரும், பெரும்பாலும் நான் ராத்திரி பாடுபட்டுத் தலைப்பிட்ட பக்கத்தின் வழியாக. சோப்பைத் தின்றது. பால்காரரின் அளவுக் குவளையைக் கவ்விக்கொண்டு ஓடியதில் அவர் இரண்டு நாள் எங்களுக்குக் கண்மதிப்பில் பால் ஊற்றினார். வீட்டுக்குள் சும்மாவே, யாரும் துரத்தாமல், கட்டிலின் மேல், மேசையின் கீழ், மறுபடி கட்டிலின் மேல் என்று சுற்றும். பிறகு திடீரென்று செத்ததுபோல விழுந்து தூங்கும். தூக்கத்திலும் நான்கு கால்களும் ஓடிக்கொண்டிருக்கும்.

வீடு பாளையங்கோட்டையின் விளிம்பில் இருந்தது. மாடியில் வீட்டுக்காரம்மா எமிலி டீச்சர், கீழே நாங்கள். பின்பக்கம் ஒரு கொய்யா மரம், அதைத் தாண்டி வாய்க்கால் பாசன வயல்கள். டீச்சர் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எத்தனையோ பெண்களை ஓட்டப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்; ஓய்வுக்குப் பிறகும் ஊதல் கழுத்தில் தொங்கும், சில பெண்களுக்குச் சங்கிலி தொங்குவதுபோல. கறிவேப்பிலைக்காரரை மாடியிலிருந்து ஊதித்தான் நிறுத்துவார்.

பிசான நெல் அறுத்து முடிந்து வயல்கள் வெறும் அடித்தாளாகக் கிடந்த பங்குனி மாதம். டீச்சருக்கு லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். பெரிய வெள்ளிவரை வெள்ளிதோறும் கோயிலுக்கு உடுத்துவதற்காக வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடியில் காயப்போட்டிருந்தார். கமா அதன் முந்தானையைக் கவ்வியது. சேலை கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. அவ்வளவு நீளமான ஒன்று தன் பின்னால் பறந்து வருவதை அது அதற்கு முன் அறிந்ததில்லை. முதல் வயல், வரப்பு, இரண்டாம் வயல், வரப்பு, மூன்றாம் வயல். டீச்சர் மாடியில் நின்று ஊதிக்கொண்டே இருந்தார். அந்த ஊதல் ஓடுவதற்கான உத்தரவு என்று கமா எடுத்துக்கொண்டதாகத்தான் நினைக்கிறேன்.

சேறும் பல் தடங்களுமாக வந்து சேர்ந்த சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் கீழே இறங்கி வந்தார்.

"தம்பி, ஒண்ணு இத இன்னைக்கே கட்டிப் போடணும். இல்லன்னா வேற வீடு பாத்துக்கிடணும். கோவத்துல சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. கோவம் தணிஞ்ச பொறவும் இதத்தான் சொல்லுவேன்."

நாய் என்றதும் கதவைச் சாத்தாத வீட்டை அதற்கு முன்பு நாங்கள் தேடிக் களைத்திருந்தோம். வடிவு என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, தடம் விழாதபடி மெத்தென்று முறுக்கினாள். முறுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. கொய்யா மரத்தில் கட்டினோம்; ஏழெட்டு அடி விட்டிருந்தோம். முதல் நாள் முழுக்க அது ஓடிப்போய் இழுபட்டு விழுந்து எழுந்தது. இரண்டாம் நாள் மாலை ஓடவில்லை.

மூன்றாவது வாரம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அழைக்க மாமா நேரில் வருகிறார், அடுத்த ஞாயிறு. வடிவு கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ரோமம் ஒன்றுகூட உதிரவில்லை. "வேட்டி துணிதான, ஒண்ணும் தெரியல," என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் காலை கமாவைக் குளிப்பாட்டுவதற்காகக் கட்டை அவிழ்த்திருந்தோம். டீச்சர் காப்பித் தம்ளரோடு பின்வாசல் படியில் நின்றிருந்தார். வரப்பிலிருந்து ஒரு அணில் இறங்கியது. கமா பாய்ந்தது. பாய்ந்து, கொய்யா நிழலின் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை, முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தைப் பின்னுக்கு வாங்கி, இழுபடுவதற்குத் தயாராக நின்றது. அணில் பைய நடந்து போனது.

"கயிறு எங்க?" என்றார் டீச்சர்.

"அவுத்தாச்சு டீச்சர்."

"பொறவு எதுக்கு நிக்கி?"

டீச்சர் தம்ளரைப் படியில் வைத்தார். வயல் பக்கம் கையைக் காட்டி, "ஏட்டி, ஓடு!" என்றார். அது அவர் முகத்தைப் பார்த்தது, நிழலைத் தாண்டவில்லை. அவர் மாடிக்குப் போய், கான்வாஸ் காலணி போட்டுக்கொண்டு வந்தார். "நான் கட்டத்தான் சொன்னேன். இப்பிடி ஆக்கச் சொல்லல," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வடிவு அழ ஆரம்பித்தது அப்போதுதான். தடம் கழுத்தில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. அப்பா வாசலில் நின்று கூப்பிட்டால் நாய் பாதியில் நிற்கும். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், தூக்கிக்கொண்டு போய்விடுவார். இதை அவள் தேம்பித் தேம்பிச் சொல்லி முடிக்கும்வரை டீச்சர் பொறுமையாக இருந்தார். பிறகு, "அழுது முடிச்சாச்சுன்னா சேலைய மாத்திட்டுச் சுடிதார் போட்டுட்டு வா. ஓடணும்," என்றார்.

அந்த வாரம் நான் வாழ்க்கையில் மறக்க விரும்பும் வாரங்களில் ஒன்று. விடிந்ததும் வயலில் பயிற்சி. டீச்சர் தூர வரப்பில் வறுத்த நெத்திலியோடு நிற்பார். வடிவு மரத்தடியிலிருந்து ஓடுவாள். கமா அவளோடு நிழல் ஓரம்வரை வந்து நின்று, அவள் போவதை வருத்தத்தோடு பார்க்கும்.

"நீங்க என்ன வேடிக்க பாக்கிய? ஓடுங்க!" என்று என்னையும் விரட்டினார். இரவுப் பணி செய்து, சுக்குக்காப்பியிலும் பஜ்ஜியிலும் வளர்ந்த உடம்பு. தாள் குத்திய பாதத்தோடு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வாய்க்காலில் பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர், "யாரு வே வெரட்டுதா?" என்று அக்கறையோடு கேட்டார். நாய் என் பின்னாலும் வரவில்லை. நெத்திலியைக் காக்கைகள் தின்றன.

வெள்ளிக்கிழமை. பெரிய வெள்ளி அல்ல, அதற்கு முந்தியது. டீச்சர் அந்தச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சேறு போக அலசி, பல் பட்ட இடங்களில் நூல் ஓட்டியிருந்தார். மறுபடியும் கஞ்சி போட்டிருந்தார்.

"டீச்சர், வேண்டாம்லா," என்றாள் வடிவு.

"சும்மா கெட."

கொய்யா நிழலுக்கு வெளியே நின்று முந்தானையைக் காற்றில் விட்டார். பிறகு ஓடினார். அறுபது தாண்டிய ஒரு பெண் அறுத்த வயலில், பின்னால் ஐந்தரை மீட்டர் வெள்ளைத் துணி பறக்க, முழங்காலை உயர்த்தி முறையாக ஓடுவதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. கமா எழுந்தது. அதன் பின்தொடைகள் நடுங்குவது தெரிந்தது. நிழலின் ஓரத்தில் ஒரு கணம் கழுத்து பின்னுக்குப் போயிற்று. அப்புறம் வெறும் கறுப்புக் கோடு.

அது சேலையைப் பிடித்ததும் டீச்சர் பிடியை விட்டுவிட்டார். இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க, ஊதலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். முதல் வயல், இரண்டு, மூன்று.

ஞாயிறு காலை மாமா வந்தார். மஞ்சள் பையில் கொடை நோட்டீசும் சீனிக்கிழங்கும். வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொண்டார். நாக்கை அண்ணத்தில் தட்டி இரண்டு சொடுக்கு. கமா பின்பக்கம் இருந்தது. வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக அது தெரிந்தது. கொய்யா மரம் தாண்டும் இடத்தில் அரை எட்டு தயங்கியது. பிறகு வந்தது. சந்தில் இருந்த வாளியை உருட்டி, என்னை இடித்து, மாமாவின் நெஞ்சில் கால் வைத்து நின்றது.

அவர் கழுத்தைத் தடவினார். பொறுமையாக, ரோமத்துக்கு எதிர்ப்பக்கமாக. கை நின்றது.

"கட்டியிருந்திய," என்றார். கேள்வியாக இல்லை.

வடிவு வாய் திறப்பதற்குள் மாடிப் படியிலிருந்து குரல் வந்தது. "நான்தான் கட்டச் சொன்னேன். நான்தான் அவுக்கவும் சொன்னேன். எதுனாலும் எங்கிட்ட கேளுங்க அண்ணாச்சி."

மாமா அண்ணாந்து பார்த்தார். "நீங்க?"

"வீட்டுக்காரி. அங்கன கொடியில பாருங்க. உங்க மகளுக்கு நீங்க குடுத்த சீர் செஞ்ச வேல."

கொடியில் அந்தச் சேலை, இரண்டாம் முறை கிழிந்து, இரண்டாம் முறை அலசித் தொங்கியது. மாமா சந்து வழியாக அதன் அருகில் போனார். பல் தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கவ்விட்டு ஓடுச்சா?"

"ஓடுச்சாவா! மூணு வயலு!"

"மூணா?" மாமா திரும்பி வயலைப் பார்த்தார். வரப்பு வரப்பாக எண்ணுவது தெரிந்தது. "அந்தப் பன வரைக்குமா?"

"பனையத் தாண்டி."

"சேல நனைஞ்சு கனத்திருக்குமே."

"கனத்துத்தான் இருந்துச்சு."

அவர் முகத்தை எங்களுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. காதுக்குப் பின்னால்வரை சிரிப்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றி வாசலுக்குள் வைத்தார். "ஏ வடிவு, தண்ணி கொண்டா," என்றார். சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், டீச்சருக்கும் ஒரு கொடை நோட்டீசு கொடுத்தார். "நாங்க வேதக் கோயிலுக்குப் போறவங்க அண்ணாச்சி, இது வேற கோயிலு," என்றார் டீச்சர். "சாப்பாட்டுக்கு வாங்க," என்றார் மாமா. மாலைப் பேருந்தில் தனியாகத்தான் ஏறினார்.

மறு வருடம் கொடைக்கு அழைக்க வந்தபோது தூக்குவாளி கொண்டுவந்தார். எங்கள் வாசலைத் தாண்டி நேராக மாடிப்படி ஏறினார். கட்டிக்கொடுக்கும் பெண்ணுக்கு அல்லாமல் அந்த வீட்டார் யாருக்கும் குட்டி கொடுத்ததில்லை என்று வடிவு படிக்குக் கீழே நின்று என்னிடம் கிசுகிசுத்தாள். மேலே டீச்சர், "எனக்கு எதுக்கு அண்ணாச்சி, எனக்கு எதுக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஊதல் சத்தம் கேட்டது, மிக மெல்லியதாக, குட்டிக்குப் பயமெடுக்காதபடி.

கமா பன்னிரண்டு வயதுவரை இருந்தது. கடைசிவரை நிழல் ஓரத்தில் அரை எட்டு தயங்கும். டீச்சர் இப்போது இல்லை. பின்பக்க வயல்களில் மனைக் கற்கள் ஊன்றி, வீடுகளும் வந்துவிட்டன. அந்தப் பனை எந்த வீட்டுக்குள் போயிற்று என்று தெரியவில்லை. கன்னிக் குட்டிகளைக் கைபேசியில் படம் பார்த்து, விலை பேசி வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் நன்றாகத்தான் வளர்க்கிறார்கள்.

டீச்சருக்குக் கொடுத்த குட்டி, மாமா வீட்டு நாயின் அந்த ஈற்றில் பிழைத்த ஒரே குட்டி. அதன் தாயும் போன பிறகு மாமா வீட்டில் நாய் இல்லை.