இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன்

அந்த விண்வெளி நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்கள் அல்லவா, அதை இன்று கேம்ப் பகுதித் தியேட்டரில் மகளோடு பாதி பார்த்தேன். பாதிதான்.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நாவலைப் படித்துத்தான் நானே ஆங்கிலம் கற்றேன். கதையில் வரும் விண்கப்பல் கேப்டனுக்கு மனதுக்குள் எங்கள் ஃபோர்மேனின் முகத்தைக் கொடுத்திருந்தேன்.

படத்தில் கேப்டன் எரிபொருள் அறைக்குள் பூட்ஸோடு ஓடுகிறார், கத்துகிறார். வெடிமருந்து இருக்கும் அறையில் யாராவது ஓடுவார்களா? எங்கள் ஃபோர்மேன் இருமல் வந்தால்கூட வெளியே போய்த்தான் இருமுவார். நான் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இடைவேளையில் மகள் சிரித்தாள். "என்னப்பா, பயந்துட்டீங்களா? எல்லாம் கிராஃபிக்ஸ்ப்பா. சமோசா வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம்மா. வீட்டுக்குப் போலாம்."

"ஒரு மாசமா படத்துக்குப் போலாம் போலாம்னு என் உயிரை எடுத்தது யாரு?"

கண்ணை மூடி ஃபோர்மேனை நினைத்துப் பார்த்தேன். படத்தில் கேப்டனாக வந்த நடிகர்தான் வந்து நின்றார்.

ஃபோர்மேன் இறந்து வெகுகாலம் ஆகிறது. தொழிற்சாலைக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை, அதனால் என்னிடம் அவர் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. நாவலைத் திறந்தால்தான் அவர் வருவார்.

புத்தகம் இப்போது மேசைமேல் இருக்கிறது. திறக்கக் கை வரவில்லை.

படித்துவிட்டுப் படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள், சினிமா முகம் எத்தனை நாளில் மறையும்? படம் பிரமாதம் என்று எழுத வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.