மலைப்பாம்புக்குட்டியும் மாமாவும்

நான் கேட்டது நாய்க்குட்டி. முடி உதிர்க்காத, குரைக்காத, குளிருக்குள் வெளியே கூட்டிப்போகத் தேவையில்லாத எதுவாக இருந்தாலும் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னார். இரண்டு மீனோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார். பத்து வயதில் நான் வாய் தவறி விழுந்த சொல்லையும் விடாமல் பிடித்துக்கொள்கிற பிள்ளை. அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு மலைப்பாம்புக்குட்டி வந்து சேர்ந்தது.

கடைக்காரர் பிரெஞ்சில் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. முப்பது வருடம்வரை வாழும் என்றதை மட்டும் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் சொல் பிசகாமல் சொன்னேன். புதிதாக வந்த குட்டி பயந்திருக்கும், கொஞ்ச நாளைக்குத் தூக்கக் கூடாது. தொட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்மையாகவும் இருக்க வேண்டும். உடம்பை ஒடுக்கி ஒளிந்திருக்க இருட்டாக ஓரிடம் வேண்டும். மேலே இருந்து கையை இறக்கினால் பருந்து என்று நினைத்து நடுங்கும். சாப்பிடவில்லையா, திணிக்கக் கூடாது; வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும்.

அம்மா பாம்பை முதலில் கும்பிட்டார். பிறகு பேஸ்மென்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். சாமியறை இருக்கிற தளத்தில் எலி தின்னும் சீவனுக்கு இடமில்லை. அதன் உணவான உறைந்த சுண்டெலிகளும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வரக் கூடாது என்றதால், அப்பா அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு கராஜில் வைத்தார். மிச்ச வேலையை மொன்றியல் குளிர் பார்த்துக்கொண்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் தொட்டிக்குள் ஒரு கிண்ணம் பால் இருக்கும். அம்மாவின் ஊரில் நாகதம்பிரான் கோயில் உண்டு. பாம்பு பால் குடிக்காது என்று சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்பார். நான் பாலை வெளியே கொட்டிவிட்டுத் தண்ணீர் வைப்பேன். ஒளிவதற்குத் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தேன். குட்டி அதற்குள் சுருண்டு கிடக்கும்.

கொஞ்ச நாளில் மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. ஊரில் சண்டை முடிந்தபிறகு சில வருடங்கள் அவரை எங்கேயோ அடைத்து வைத்திருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் அறைக்குள் நுழைந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். வீட்டில் மிச்சமிருந்த ஒரே அறை பேஸ்மென்டில், பாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் பாம்பு இருக்கிறதே என்று அம்மா தயங்க, பரவாயில்லை என்றார் மாமா.

ஊரிலிருந்து ஒருவர் வந்தால் போய்ப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்குக் கடமை. வெறுங்கையோடு போவதும் கிடையாது. ஒவ்வொரு வீடும் ஒரு சட்டியோடு வந்தது. இடியப்பம், கணவாய்க்கறி, ஒடியல்கூழ். மாமா அதை அவர்கள் கண்முன் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போதே கேள்விகளும் வரும். எங்கே வைத்திருந்தார்கள், அடித்தார்களா, இன்னாருடைய மகனை உள்ளே கண்டதுண்டா. அன்பினால்தான் கேட்டார்கள், அதில் சந்தேகமில்லை. மாமா குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அவர்கள் போனபிறகு கீழே அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். அம்மா மறுநாள் இன்னும் அதிகமாகச் சமைப்பார். மாமா எலும்பும் தோலுமாக ஆனார். ஒருநாள் அம்மா அப்பாவிடம், "இஞ்ச கொண்டுவந்து சாகக் குடுக்கவோ இவனைக் கூப்பிட்டனான்?" என்று கேட்டதை நான் படியில் நின்று கேட்டேன்.

என் கவலை வேறு. பாம்பும் சாப்பிடவில்லை. மாமாவைப் பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் தொட்டியின் மூடியைத் திறந்து கையை விட்டார்கள். இப்படியே பட்டினி கிடந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தீவான இல்-பிசாரிலிருந்து பெரியம்மா வந்தார். மாமாவுக்கு அவரும் அக்காதான். ஒரு வான் நிறைய ஆட்களைக் கூட்டிவந்திருந்தார். மாமா மேலே வரவில்லை என்றதும் எல்லோருமாகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. படியின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தரும் வரக்கூடாது. புதுசா வந்ததைச் சுத்தி நிண்டு பாத்தா அது பயப்பிடும். பயந்தா சாப்பிடாது. சாப்பாட்டை வச்சிட்டுப் போகோணும். அது தானா வந்து சாப்பிடும்."

உன்னுடைய பாம்பைப் பார்க்க யார் வந்தது, நாங்கள் தம்பியைப் பார்க்க வந்தோம் என்று பெரியம்மா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மேல்படியில் சோற்றுக் கோப்பையோடு நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆட்களை விலக்கி இறங்கிவந்து, கோப்பையை என் காலடியில் வைத்தார்.

"மேல வாங்கோ அக்கா. தேத்தண்ணி போடுறன். அவனைப் பேந்து பாக்கலாம்."

கூடப்பிறந்தவளுக்கே தடையா என்று பெரியம்மாவுக்குக் கோபம் வந்தது. தேநீரைத் தொடாமலே எழுந்து போனார். எங்கள் ஆட்களிடையே அது சின்ன விஷயமில்லை. பெரியம்மா வெகுகாலம் தொலைபேசிகூட எடுக்கவில்லை.

அன்றிலிருந்து பேஸ்மென்டுக்கு ஒருவரும் போகக் கூடாது என்பது சட்டமானது. என் பேச்சுக்கு வீட்டில் இத்தனை மதிப்பா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க வர விரும்பி அழைத்தவர்களிடம் அம்மா ஏதாவது சாட்டுச் சொன்னார். மாமாவின் அறை யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை ஒன்று தைத்துப் போட்டார். பாம்புத் தொட்டி இந்தப் பக்கம் இருக்கிறது, நீங்கள் வேறு யன்னலுக்குப் போட்டுவிட்டீர்கள் என்று நான் திருத்தினேன். இருக்கட்டும் என்றார்.

சோற்றைப் படியில் மூடி வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் வந்துவிடுவார். முதலில் வைத்தது வைத்தபடியே திரும்பிவந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நிற்பார். பிறகொரு நாள் உருளைக்கிழங்கு மட்டும் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு கோப்பை கழுவித் துடைத்துப் படியில் இருக்கத் தொடங்கியது.

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, சுண்டெலியை வெந்நீரில் இளக்கித் தொட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் போய்ப் பார்த்தபோது அது இல்லை. குட்டியின் வயிற்றில் ஒரு புடைப்பு. நான் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். சமையலறை வாசலில் அம்மா கையைக் குறுக்கே நீட்டி என்னை மறித்தார். உள்ளே மேசையில் மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டியை இழுத்துத் தானே சொதியை அள்ளிச் சோற்றில் விட்டுக்கொண்டிருந்தார்.

பாம்பு சாப்பிட்டுவிட்டது என்று அம்மாவின் காதுக்குள் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே வந்து பாருங்கள் என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். அவரும் அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்று அந்த முதுகையே பார்த்தார்.

ஓர் உயிர் பிழைத்திருக்கிறது, இந்த வீட்டில் ஒருவருக்காவது அக்கறை இருக்கிறதா என்று, நான் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.