பெரட்டில் முன்னால் வந்து நின்றவள்

பள்ளிக்கூட ஜீப்பில் என் காலுறைக்குள் ஓர் அட்டை நெளிந்த காலை நேரம் இன்னும் நினைவிருக்கிறது. அதை உள்ளே விட்டவள் பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். மூணாறுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டியிருப்பார்கள். லயம் என்போம். ஒரு வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் கேட்கும். அப்படி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டுதான் என்னை அவள் பாடாய்ப் படுத்தினாள். என் குரல் கரகரவென்று இருக்கும். "ஏட்டி தவளை, மழை வருமா வராதா, கத்திச் சொல்லு" என்பாள். ஜீப்பே சிரிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த நாட்களை இன்று நான் அழகாக்கிச் சொல்ல வரவில்லை. அழுதிருக்கிறேன், பள்ளிக்கூடமே வேண்டாம் என்றிருக்கிறேன். ஆனால் அட்டை கடித்து வெள்ளைக் காலுறை சிவந்தபோது முதலில் அலறியது நானல்ல, அவள்தான். டிரைவர் அண்ணனிடம் மூக்குப்பொடி வாங்கித் தடவி, ஜீப் நிற்கும்வரை என் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன்பின் அட்டை வரவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாளாக ஆக, அவள் தவளை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்றாகிவிட்டது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி, அதே லயத்தில் குடியிருந்து அவள் கொழுந்து பறிக்கப் போனாள். நான் பாலக்காட்டுக் கல்லூரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

எனக்கு எதிலும் அவசரம். முதலாண்டிலேயே கல்லூரி விழாவில் மைக்கைப் பிடித்து, விருந்தினர்களை மலையாளத்தில் வரவேற்றேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய் நின்றேன். எஸ்டேட் மலையாளம், கரகரத்த குரல், நடுவில் ஓர் இருமல். யாரோ அதைப் படம் பிடித்து ஒரு கேலிப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். முதல் நாள் சாதாரணச் சிரிப்புதான். மறுநாள் யாரோ அதன் கீழே 'தவளை' என்று எழுதியிருந்தார்கள். ரோஜாப்பூப் படம், பொய்ப் பெயர். மலையாளத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சாயங்காலத்துக்குள் என் வாயிலிருந்து தவளைச் சத்தம் வருவதாக வெட்டி ஒட்டினார்கள். கண்ணூரில் யாரோ, துபாயில் யாரோ, என்னைப் பார்த்தே இராதவர்கள். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு போன் கத்தும், நான்கு மேசை தள்ளி இன்னொன்று பதில் சொல்லும்.

காய்ச்சல் என்று சொல்லி ஊருக்கு வந்துவிட்டேன். எங்கள் லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்து வளைவில் மட்டும் கிடைக்கும். இங்கே எதுவும் வராது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று முறை அந்த வளைவுக்கு ஏறி, புதிதாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஜீப்பில் அக்கா என்னைத் தேடி வந்தாள். இப்போது கிண்டலைத் தேடி நானே மூச்சிரைக்கப் போனேன். ஜீப்பில் இறங்குமிடம் வந்தால் கிண்டல் முடிந்துவிடும். இதற்கு இறங்குமிடம் இல்லை.

பத்தாம் நாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "நான் இனி காலேஜுக்குப் போவல. மாட்டுப்பட்டி டேம் பக்கம் கடையில ஆள் எடுக்காங்களாம்." அம்மா காரணம் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தேயிலைக் காட்டில் பக்கத்து நிரையில் நின்ற அக்காவிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறாள்.

அன்று வேலை முடிந்ததும், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் சாக்கை அவிழ்க்காமலே அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, அந்த ரோசாப்பூ நாந்தான்."

எனக்குப் புரியவில்லை.

"எடை போடுறப்ப ஒன் வீடியோ வந்துச்சு. நம்ம புள்ள மேடையில நிக்காளேன்னு சந்தோசத்துல எழுதிட்டேன். ஒன்ன அப்படித்தான கூப்பிடுவேன்? அவனுக அதப் புடிச்சிக்கிட்டு இப்படி ஆடுவானுகன்னு எனக்கென்ன தெரியும்?"

எங்கள் லயத்துப் பெண்கள் யாரும் சொந்த முகத்தை போனில் வைப்பதில்லை. வீட்டில் திட்டுவார்கள். எல்லோரும் பூதான். அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

லயத்துச் சண்டையெல்லாம் எங்களுக்குப் பெரட்டில்தான் தீரும். காலையில் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிக்கும் களம் அது. கோழி அடுப்படியில் புகுந்ததோ, குழாயடியில் வாளி இடித்ததோ, தப்புச் செய்தவர் வரிசையை விட்டு முன்னால் வந்து, அத்தனை பேர் முன்னிலையில் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அம்மா என்னைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். பனியில் அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா, லீவா?" என்றார் சூப்பர்வைசர்.

"லீவு இல்ல சார். ஒரு பிராது."

"யாரு மேல?"

"எம் மேலதான்."

களமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். "மூஞ்சிக்கு நேரா எத்தன தடவ வேணா கிண்டல் பண்ணிருக்கேன். மூஞ்சிய மறச்சிக்கிட்டு பண்ணது இதான் மொதத் தடவ. தப்பு."

"ஓஹோ, ரோசாப்பூ நீதானாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா சத்தம் போட்டாள். "நான் கூட எவளோ அழகின்னு நெனச்சேன்!" இந்த முறை அக்காவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பத்து நாளில் முதன்முதலாக.

அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் வளைவில் நின்று, ரோஜாவை எடுத்துவிட்டுத் தன் படத்தைப் போட்டாள். கொழுந்துச் சாக்கும் தலையில் துண்டுமாக, கண்ணைச் சுருக்கிய முகம். வீடியோவின் கீழே எழுதினாள்: 'தவளைன்னு மொதல்ல எழுதுனது நான். அது எங்களுக்குள்ள. நீங்க யாரு?' அன்றைக்கே அவளையும் பிடித்துக்கொண்டார்கள். நிறத்தை, பல்லை, சாக்கை. மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. அதையெல்லாம் கேலிக்குரலில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "இவனுகள ஒரு நாள் நம்ம பெரட்டுல வரிசையா நிக்க வச்சா, ஒருத்தனாவது முன்னால வருவாங்கிற?" என்று கேட்டாள். அவளுக்கும் வலித்தது. ஆனாலும் அழிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் பாலக்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

வகுப்பில் உட்காரும் முன்பே பின்வரிசையில் ஒரு போன் கத்தியது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். திரும்பி நின்று, அதே கரகரத்த குரலில், அதே எஸ்டேட் மலையாளத்தில் சொன்னேன்: யாராக இருந்தாலும் முன்னால் வந்து, என் முகத்தைப் பார்த்து ஒருதரம் கத்துங்கள், கேட்கிறேன். ஐம்பது பேர் மேசையைப் பார்த்தார்கள். நான் அவ்வளவு நாள் பயந்த கூட்டத்துக்கு என்னைவிட அதிகப் பயம் என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. முன்னால் வந்த ஒருத்தியை ஏற்கெனவே பார்த்திருந்ததால்தான் தெரிந்தது.

இப்போது மூன்றாம் ஆண்டு. விழா என்றால் இன்றும் மைக்கைப் பிடுங்குகிறேன். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது, புகார் கொடுத்தும் முழுதாகப் போகவில்லை. எப்போதாவது திறந்து பார்க்கிறேன். கீழே நூற்றுக்கணக்கான பூக்கள், பைக்குகள், நடிகர்கள், வெறும் சாம்பல் வட்டங்கள். அவற்றின் நடுவே, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொழுந்துச் சாக்கோடு ஒரே ஒரு முகம்.