மிஷின் யோசிக்கிற நேரம்

அவர் பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது ஒரு கல்யாணப் பந்தியில். "பட்டன் மாப்பிள்ளை வரலியா?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வர்றது? ஆட்டம் பாதியில நிக்குதாம்" என்று இன்னொருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. பட்டன் கடை வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்தால் நம் பெரியம்மா மகளுக்கு மருமகன். அந்த அக்கா கண்ணை மூடியதும், தனிமரமாக நின்ற மாமனாருக்கு நாலு நாள் துணையாக இருக்கலாம் என்று பெண்டாட்டியோடு வந்தவர். வந்தவர் வந்தவர்தான். வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டார். தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர்.

மாமனார் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். டிரைவர் டீ குடிக்கிற நேரத்தைக்கூட மூச்சை எண்ணிச் சொல்லிவிடுவார் என்பார்கள். ஓய்வு பெற்ற அன்று டிப்போக்காரர்கள் சேர்ந்து ஒரு செஸ் மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். பார்க்கப் பலகை மாதிரிதான் இருக்கும். காயை எடுக்கிற கட்டத்தையும் வைக்கிற கட்டத்தையும் அழுத்தினால் அதற்குப் புரியும். யோசிக்கும். யோசித்து முடித்ததும் பீப்பென்று கத்தி, ஓரத்துச் சிவப்பு விளக்குகளை மினுக்கி, தன் காயை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும். அதையும் நாம்தான் வைக்க வேண்டும்.

பக்கவாதத்தில் மாமனாருக்கு வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் தொட்டால் நாலு காய் சாயும். பார்வையும் மங்கல். ஆகவே அவர் சொல்வார், மாப்பிள்ளை அழுத்துவார். மிஷினில் எட்டு லெவல். மாமனார் எட்டை விட்டு இறங்க மாட்டார். "கீழ இருக்கிறதெல்லாம் பால்குடிப் பிள்ளைங்களுக்கு" என்பார். எட்டில் அந்த மிஷின் ரயில் கேட்டில் மாட்டிய பஸ் மாதிரி நின்று நிதானமாக யோசிக்கும். பிறகு இவரைத் தோற்கடிக்கும். தோற்ற கோபம் யார் தலையில்? மாப்பிள்ளை தலையில்தான். பக்கத்துக் கொட்டகையில் ஊர்க்காரர் ஃபிரிட்ஜெல்லாம் கதவைத் திறந்துகொண்டு நிற்கும். கொடுத்தவர்கள் வாசலில் வந்து கத்துவார்கள்.

அந்த நேரத்தில்தான் துறைமுக ஊரிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் போன் செய்தார். மீன் வைக்கிற குளிர்கிடங்கு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். "பாதி பங்கு உனக்கு. மாடியில ரெண்டு ரூம். ஜன்னலத் திறந்தா கடல். மாசக் கடைசிக்குள்ள வந்துடு, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

இவர் மாமனாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமனாரின் கூட்டாளி, பக்கத்துத் தையல்காரர், எதிரே உட்கார்ந்திருந்தார்.

"தாராளமா போங்க மாப்பிள்ளை. எட்டாவது லெவல்ல இந்த மிஷின ஒரே ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டறேன். மறுநாளே நானே வண்டி ஏத்தி விடறேன்."

"அப்ப மாப்பிள்ளை பேரன் எடுக்கற வரைக்கும் இங்கதான் ஜாகை" என்றார் தையல்காரர்.

அன்று மதியம் மாமனார் கண்ணயர்ந்ததும், இவர் மிஷினைத் துடைக்கிற சாக்கில் எடுத்து வைத்துக்கொண்டார். லெவல் பட்டனை அழுத்தினால் எட்டாம் வரிசையில் விளக்கு எரிந்தது. இரண்டாம் வரிசைக் கட்டத்தை அழுத்தினார். விளக்கு இறங்கி வந்து இரண்டில் நின்றது. ஆடிப் பார்த்தார். மிஷின் ராணியைத் தூக்கிச் சிப்பாய்க்கு இரை போட்டது. சந்தோஷம்தான். ஆனால் கையை எடுப்பதற்குள் பீப்பென்று பதில் சொல்லிவிட்டதே! டைம் கீப்பர் காதில் பூச்சுற்ற முடியுமா? சத்தத்துக்கு ஒரு பட்டன் இருந்தது. அதையும் அமர்த்தினார்.

"பீப் போடற பாகம் போயிடுச்சு மாமா. ஆட்டத்துக்கு ஒண்ணுமில்ல."

ஆட்டம் தொடங்கியது. விளக்கு உடனே மினுக்கும். இவர் உள்ளங்கையால் அணைகட்டி அதை மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னும் யோசிக்குதா?"

"யோசிக்குது மாமா."

"யோசிக்கட்டும், யோசிக்கட்டும். குதிரைய வெச்சு மடக்கிட்டேன்ல."

அன்று மாமனார் ஜெயித்தார். விழுந்த கைகூட மடியில் ஒரு துடி துடித்தது என்று மகள் சொல்வாள். மனிதர் வாக்குத் தவறவில்லை. "நாளைக்கே கிளம்புங்க. என் டிப்போவுல வண்டி லேட்டா கிளம்பாது" என்றார். ஊசி பிடித்த கை, கட்டம் தப்பாது, இனி நான் அழுத்துகிறேன் என்றார் தையல்காரர்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். புறப்படும் முன் லெவலை எட்டுக்கு ஏற்றி, பீப் பாகத்தைச் சரிபண்ணிவிட்டேன் என்று சத்தத்தையும் திறந்துவிட்டார். இருந்தது இருந்தபடி ஆகிவிட்டது என்று நினைத்தார். காலையில் பெட்டி வாசலில் நின்றது. மாமனாரோ பழைய டிப்போக்காரர்களை எல்லாம் ஆட்டம் பார்க்க வரச் சொல்லியிருந்தார். தையல்காரர் அழுத்த, மிஷின் பீப் பீப்பென்று கத்தி, அத்தனை பேர் முன்னால் மாமனாரைச் சுருட்டிப் போட்டது.

"நேத்து ஜெயிச்சது கனவுலயா அண்ணே?" என்றார் ஒரு கண்டக்டர்.

மாமனார் மடியிலிருந்த கையையே பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை, உங்களுக்குக் கை ராசி. ஒரே ஒரு ஆட்டம் அழுத்திட்டுப் போங்க. நான் பொய் சொல்லலைன்னு இவங்களுக்குத் தெரியட்டும்" என்றார்.

அதட்டியிருந்தால் போயிருப்பார். கெஞ்சினால் என்ன செய்வது? பெட்டியைத் தாண்டி உள்ளே வந்தார். இரண்டுக்கு இறக்கினார். பீப் மறுபடி மக்கர் என்று சத்தத்தை அமர்த்தினார். டிப்போக்காரர்களைப் பக்கத்தில் அண்டவிடாமல், "நிழல் விழுதுங்க, தள்ளி நில்லுங்க" என்றார். மாமனார் ஜெயித்தார். பஸ் போய்விட்டது.

மறுநாள் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள். "அப்பாதான் போகச் சொல்லிட்டாரே, என்னங்க இன்னும்?" இவர் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "ரெண்டா?" என்றாள்.

"மெதுவா."

"நானே அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்று தண்ணீர்ச் செம்போடு போனாள். அப்பா இடது கையால் தானே தலை வாரிக்கொண்டிருந்தார், ஆட்டத்துக்கு ஆள் வருகிற நேரம் என்று. போன வேகத்தில் திரும்பி வந்தாள். "என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க."

படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒருநாள் லெவலை மூன்றாக்கினார். மாமனார் தோற்றார். அன்று பூராவும் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் விளக்கு மறுபடி இரண்டில் வந்து நின்றது. நகர்த்திய காயைத் திருப்பி எடுக்க அந்த மிஷினில் ஒரு பட்டன் உண்டு. இவர் ஆடிய ஆட்டத்துக்கு எந்த மிஷினில் இருக்கிறது?

மாசக் கடைசி போயிற்று. கிடங்கில் பாதி பங்கும் மாடி அறை இரண்டும் அண்ணியின் தம்பிக்குப் போயின. மாமனார் மட்டும் இப்போதும் ஆட்டம் முடிந்ததும், "நான் உங்களைத் தடுக்கல மாப்பிள்ளை, எப்ப வேணா கிளம்பலாம்" என்பார். பொய்யில்லை, மனதாரத்தான் சொல்வார்.

பட்டன் மாப்பிள்ளை இன்றைக்கும் அந்த முன்னறையில், ஒரு முக்காலியில், விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.