கிறிஸ்துமஸ் ஒயினும் சந்தன நிறப் புடவையும்

போன கிறிஸ்துமஸ் மதியம் என் புடவையில் சிவப்பு ஒயின் கொட்டியபோது, சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்தவர்களில் பதறாதவள் நான் ஒருத்திதான். மருந்து நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. எது எதன்மேல் சிந்தினாலும் மனம் தானாக வரிசை போட ஆரம்பித்துவிடும். சிந்தியது என்ன, எந்தத் துணி, எவ்வளவு நேரமாயிற்று, முதலில் எதைச் செய்யலாம், எதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது.

அது என் கணவரின் பெற்றோர் வீடு, செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில். நாங்கள் இருப்பது கொண்டாப்பூரில். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் பாதி நாள் போய்விடும் என்பதால் பண்டிகை, பிறந்தநாள் என்றால்தான் போவோம். அவர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நவம்பர் பிறந்ததும் அத்தை கறுப்புத் திராட்சை வாங்கி, சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் சேர்த்து, பெரிய ஊறுகாய் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்துவிடுவார். கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வந்து, ஜெபம் செய்து, எல்லோருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர். நான் பிறந்தது ஈரோட்டில், வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகும் வீட்டில். முதல் வருஷம் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். மாமா எட்டிப் பார்த்து, "அது மருந்து இல்லம்மா, டெஸ்ட் பண்ணாமயே குடிக்கலாம்" என்றார். குடித்துவிட்டேன்.

நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. அப்பா மட்டும் காலை நடைக்குப் போகும்போது கூப்பிடுவார், நடுவில் சில நாள் நானும் கூப்பிடுவேன். மழை உண்டா, வேலை எப்படி, அங்கே அரிசி என்ன மாதிரி என்று பேசுவார். அம்மாவைப் பற்றிக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கறா" என்பதோடு முடித்துக்கொள்வார். அப்படியிருக்க, போன தீபாவளிக்குச் சில நாள் முன்னால் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. சந்தன நிறத்தில் பருத்திப் புடவை, மெல்லிய அரக்குக் கரை. முகவரி அப்பாவின் கையெழுத்தில். உள்ளே வேறு எதுவும் இல்லை. புடவையைப் பிரித்து உதறியபோதுதான் முந்தானையின் ஒரு மூலையில் மஞ்சள் தெரிந்தது.

எங்கள் வீட்டில் புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்த மாட்டோம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, விரல் நுனியால் தொட்டு ஒரு பொட்டு. வைப்பது எப்போதும் அம்மாதான். பள்ளிச் சீருடைக்குக்கூட வைப்பாள், சட்டைக்குள் மறைகிற இடமாகப் பார்த்து. நான் கல்லூரி விடுதிக்குப் போனபோது வாங்கிய துண்டுகளுக்கும் வைத்தாள். கடையில் யாரும் மஞ்சள் வைத்துத் தர மாட்டார்கள். அப்பாவுக்கு மஞ்சள் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது.

ஆனாலும் பக்கத்துத் தெருவில் பெரியம்மா இருக்கிறார். புடவையை அவர் எடுத்துக்கொடுத்து, மஞ்சளையும் அவரே வைத்திருக்கலாம். அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. பெரியம்மாதான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வேலையில் ஒரு மருந்து மாதிரியைச் சோதிக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் என் மேலாளர் சும்மா விட மாட்டார். வீட்டில் என்னைக் கேட்க ஆளில்லை. "புடவை வந்துச்சுப்பா, நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அப்பாவும் "சரி அம்மிணி" என்று மட்டும் சொன்னார்.

தீபாவளிக்கு அதைக் கட்டவில்லை. அவ்வப்போது எடுத்து அந்த மூலையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். அம்மா மனம் இறங்கிவிட்டாள் என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் சந்தேகம் வரும். என் கணவரிடம் காட்டினேன். அவர் "கேட்டுடேன்" என்றார். பார்க்கலாம் என்றேன். கிறிஸ்துமஸுக்குத்தான் முதல் முறையாகக் கட்டினேன். அம்மா வீட்டிலிருந்து வந்த புடவையோடு இந்த மேசையில் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மாமா பிரியாணிப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தியபோது அவர் முழங்கை பட்டு என் டம்ளர் சாய்ந்தது. மடியிலும் முந்தானையின் நடுவிலும் கருஞ்சிவப்பாக இறங்கியது. மாமா எழுந்து நின்றுவிட்டார். அத்தை, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று அடுப்படிக்கு ஓடினார். நான் வேண்டாம் என்றேன். தேய்க்கவும் கூடாது, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும், பிறகு உப்பு என்றேன். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று நாங்கள் இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து மாமாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் மீட்டிங் முடிக்கறதுக்குள்ள புடவை மொத்த ஒயினையும் குடிச்சுடும்" என்றார்.

அத்தையின் சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு, புடவையைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனேன். உப்பு ஒயினை உறிஞ்சி இளஞ்சிவப்பாகக் கட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, துணியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை விட்டேன். அத்தை அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சாப்பிடாமல் நிற்கக் கூடாது என்றார். அதனால் மீதியை வரிசையாகச் சொன்னேன். முதலில் வினிகர். பிறகு ஷாம்பு மாதிரி மென்மையானது ஏதாவது. ஒயின் நிறம் முழுக்கப் போகிற வரை சோப்புக் கட்டி அதன் பக்கமே வரக் கூடாது, சோப்பில் இருக்கிற காரம் பட்டால் நீலம் பாய்ந்து நின்றுவிடும். கடைசியில் வேண்டுமானால் சோப்பு, பிறகு நல்ல வெயில்.

"ஹவ் மா, புரிஞ்சுது. நானும் துணி துவைச்சவதான். இங்க நிக்க நக்கோ, பிரியாணி ஆறுது பாரு" என்று ஊர் உருதுவைக் கலந்து விரட்டினார்.

போய்ச் சாப்பிட்டேன். கேக் வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். மாமா இனிமேல் எனக்கு டம்ளர் கிடையாது, மூடி போட்ட பாட்டில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒயின் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால் வேறு எதையும் யோசிக்கவில்லை.

டிசம்பர் வெயில் சுள்ளென்று இருந்தது. சாயங்காலத்துக்குள் புடவை காய்ந்து, மடித்து, அத்தையின் கையில் வந்தது. எங்கே கொட்டியது என்று கண்டுபிடி பார்ப்போம் என்று என் மடியில் போட்டார். விரித்துப் பார்த்தேன். உண்மையிலேயே தெரியவில்லை. மடிப்புகளில் இல்லை, முந்தானையின் நடுவில் இல்லை. பாராட்டிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"அது மட்டுமில்ல. முந்தானை மூலையில குழம்புக் கறை ஒண்ணு, நீ பார்க்கவே இல்ல. கடைசியா சோப்பு பட்டதும் செவந்துச்சா, அப்பவே மஞ்சள்னு தெரிஞ்சுபோச்சு. நல்லாத் தேச்சு, அந்த மூலை மட்டும் வெயிலைப் பார்க்கற மாதிரி கிளிப் போட்டேன். இப்ப பாரு, இருந்த இடம் தெரியல."

மஞ்சள் காரத்தில் சிவக்கும், வெயிலில் சிதையும். இதை யார் கேட்டிருந்தாலும் நானே விளக்கிச் சொல்லியிருப்பேன். மூலையை விரலால் தடவிப் பார்த்தேன். துணி அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாக வெளுத்திருந்தது போலத் தோன்றியது. என் நினைப்பாகவும் இருக்கலாம்.

"ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க அத்தை" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த என் கணவர் ஏதோ சொல்லப் போனார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர்கள் வீட்டில் புதுத்துணிக்கு ஜெபம் உண்டு, மஞ்சள் கிடையாது. பண்டிகை நாளில் சாப்பிடாமல் வெயிலில் நின்று ஒரு புடவையைக் காப்பாற்றியவரிடம், நீங்கள் அழித்தது என்ன தெரியுமா என்று எப்படிச் சொல்வது?

போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அப்பா எடுத்தார். கேக்கு சாப்பிட்டியா, எனக்கு ஒரு துண்டு கூரியரில் போடு என்றார். நான் நேராகக் கேட்டுவிட்டேன், அந்தப் புடவைக்கு மஞ்சள் வைத்தது யார் என்று.

"எந்த மஞ்சளு?" என்றார் அப்பா.

முந்தானை மூலையில் என்றேன். அவர் போனைக் கையால் மூடாமலேயே உள்ளே பார்த்து, "ஏ புள்ள, அந்தப் பொடவைக்கு நீ மஞ்ச வெச்சியா?" என்று கேட்டார். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். கல்யாணத்துக்குப் பிறகு அதைக் கேட்பது அன்றுதான். என்னிடம் பேசியதல்ல, அப்பாவிடம்.

"தீவாளிக்கு அனுப்புனது. இப்பத்தான் கண்ணுல பட்டுதாக்கும் அவளுக்கு?"

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. இப்போதுதான் பார்த்தேன் என்றால், கவனமில்லாத பெண் என்று கோபித்துக்கொள்வாள், அதோடு முடியும். அன்றைக்கே பார்த்தேன் என்றால், பார்த்தும் பேசாமல் இருந்தேன் என்றாகிவிடும். எது மேல் என்று எடைபோட எனக்கு நேரம் இருந்தது. இருந்தும் பொய் வாயில் வரவில்லை.

"அன்னைக்கே பார்த்துட்டேன்னு சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா அப்படியே சொன்னார். அம்மா நடந்து போகிற சத்தம் கேட்டது. அப்பா குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பொட்டலம் கட்டறப்ப ஒரு நிமிசம் குடுங்கன்னு உள்ள எடுத்துட்டுப் போனா. எதுக்குன்னு நான் கேக்கல. தீவாளி முடிஞ்சும் கொஞ்ச நாள், என்ற போன் அடிச்சா அவதான் மொதல்ல வந்து யாருன்னு பார்ப்பா. உன்ற போனாட்ட இருந்தா பக்கத்துலயே நிப்பா. அப்பறம் விட்டுட்டா."

அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். உள்ளே போய்விட்டாள் என்றார். அந்த நாட்களில் நான் அப்பாவிடம் என்னவெல்லாம் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பட்டாசுச் சத்தம் அதிகம் என்றேன். தக்காளி விலை சொன்னேன். பக்கத்தில் நின்றவளுக்கு அதெல்லாம் கேட்டிருக்கும்.

திரும்பும் வழியில், மாதாப்பூர் நெரிசலில் வண்டி நகராமல் நின்றபோது, அம்மாவுக்கு அது தெரியாதில்லையா என்றார் என் கணவர். அவர் சொன்னது அவருடைய அம்மாவை. தெரியும் என்றேன். எனக்கு அத்தைமேல் வருத்தமே இல்லை. அந்தப் பொட்டு அடுத்தடுத்த துவைப்புகளில் எப்படியும் போயிருக்கும். அது என்றைக்கும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் வைக்கவில்லை. ஒரு பதில் வரும் என்று வைத்தாள். நான் அதைப் பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்திருந்தேன்.

இப்போது அம்மாவின் எண்ணுக்கே கூப்பிடுகிறேன். கல்யாணமான புதிதில் கூப்பிட்டபோதெல்லாம் உடனே துண்டித்துவிடுவாள், அதனால் கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தேன். இப்போது துண்டிப்பதில்லை, எடுப்பதும் இல்லை. முழுக்க அடித்து ஓய்கிறது. சனிக்கிழமை காலையில், அவள் சமையல் முடித்து உட்காரும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன். எடுத்தால் முதலில் என்ன சொல்வது, அடுத்து என்ன, எதைச் சொல்லவே கூடாது என்று முதலில் வரிசை போட்டு வைத்திருந்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன். எடுக்கட்டும், போதும்.