ஆள் இல்லாத கவுண்டர்

என் வேலை போன செய்தியை எனக்குச் சொன்னவர் என் அத்தை. அவர் அப்போது தாய்லாந்தில், புக்கெட் விமான நிலையத்தில் மாமாவோடு நின்றுகொண்டிருந்தார். நான் மலேசியாவில், கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில், அம்மாவின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் பணிப்பெண்ணாக இருந்தேன். தனியாக டிக்கெட் விற்கிற கம்பெனி இல்லை அது. சுற்றுலா ஏஜென்சிகள் விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஹோட்டல், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆட்களை அழைத்துப்போவார்கள். முக்கால்வாசிப் பேர் முதல் தடவை பறக்கிறவர்கள். பெல்ட்டை எப்படிப் போடுவது என்று காட்டும்போது உண்மையாகவே கவனிப்பார்கள். அதற்காகவே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து அத்தை ஓய்வுபெற்றதும் பிள்ளைகள் அவரையும் மாமாவையும் எங்கள் விமானத்தில் புக்கெட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வாரம் நான் லீவில் இருந்தேன். தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்திருந்தது.

காலையில் போன் அடித்தது. எங்கள் லயத்தில் வீட்டுக்குள் சரியாகக் கேட்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போகவேண்டும். ஈரக் கையோடு மேட்டுக்கு ஓடினேன்.

"பாப்பா, ஒங்க கவுண்டர்ல யாருமே இல்லலா" என்றார் அத்தை.

"இன்னும் நேரம் இருக்கு அத்தை. வருவாங்க. உக்காருங்க."

"வர்ற மாதிரி தெரியல. ஒரு பையன் ஏணி போட்டு ஒங்க கம்பெனி பேர உரிச்சி எடுக்கிறான்."

நான் சிரித்தேன். வேறு கம்பெனியின் பெயராக இருக்கும் என்று சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாதா? மஞ்ச கலரு, ஒன் சட்டைல இருக்கிற அதே எழுத்துதான்" என்றார் அவர்.

அலுவலகத்துக்கு அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் மலாயில் சொன்னது. முந்தின நாள்கூட அதே எண்ணில் பேசியிருந்தேன். ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். நிர்வாகத்திலிருந்து இரண்டே வரி. இன்றோடு சேவை நிறுத்தப்படுகிறது, உங்கள் உழைப்புக்கு நன்றி. அதற்குக் கீழே எங்கள் கேப்டன் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கிளம்பத் தயாராக விமானத்தில் உட்கார்ந்திருந்தாராம். எண்ணெய் ஊற்ற ஆள் வரவில்லை. ஏன் என்று கேட்கப் போனபோதுதான் அவருக்கே தெரிந்ததாம்.

அத்தையையும் மாமாவையும் திரும்பக் கூட்டிவர வேண்டிய விமானம் அதுதான்.

நான் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. கையிலிருந்த சோப்பு நுரை காய்ந்து தோல் இழுத்தது. கீழே பங்களாதேஷ்காரப் பையன்கள் இலை வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்கள். எல்லாம் எப்போதும்போல நடந்துகொண்டிருந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

மறுபடி போன். இந்த முறை ஓர் ஆண்குரல். "நீங்கதானே கம்பெனி ஆளு? வயசானவங்கல்லாம் தரையில உக்காந்திருக்காங்க. பதில் சொல்லுங்க."

தன் மருமகள் அந்தக் கம்பெனிதான் என்று அத்தை பெருமையாகச் சொல்லிவிட்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த ஒரே கம்பெனி ஆள் நான்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து பொறுமையாக இருங்கள்" என்றேன். விமானத்தில் அறிவிக்கிற அதே குரல். என்னை அறியாமல் வந்தது.

அம்மா கட்டுப்போட்ட கையோடு மேடேறி வந்து என் பின்னால் நின்றிருந்தார். "யார்கிட்டலா இப்படிப் பேசுற?" என்றார். அவர் முகத்தில் பயம் இருந்தது.

அந்த மனிதர் திட்டினார். ஏமாற்றுக்காரர்கள் என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் என் சொந்தக் குரலில் சொன்னேன்: "அண்ணே, எனக்கும் இப்பதான் தெரியும். எங்க ஆபீஸ் போனே வேல செய்யல. நான் வீட்டுல இருக்கேன்."

அவர் குரல் இறங்கியது. "அப்போ நாங்க என்னம்மா செய்றது?" என்றார்.

மாமாவின் பிரஷர் மாத்திரை மறுநாள் காலைவரைதான் இருந்தது. வேறு விமானங்களில் அத்தனை பேருக்கும் இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் புக்கெட்டிலிருந்து ஹாட்யாய் என்ற ஊருக்கு வேன் போகும். அங்கிருந்து மலேசிய எல்லை பக்கம். எல்லை தாண்டினால் எங்கள் மலைக்குக் கீழே உள்ள ஈப்போவுக்கு பஸ்.

"ரோட்டால வந்துடலாம்ண்ணே. எல்லாரும் ஒண்ணாவே வாங்க" என்றேன்.

அன்று முழுக்க அந்த மேட்டிலேயே இருந்தேன். வேன்காரரிடம் பேசினேன், பேச்சுப் புரியாமல் தாய்லாந்து மொழி தெரிந்த ஒரு தோழியை இணைத்துப் பேசவைத்தேன். மதியம் மழை பிடித்தது. அம்மா நல்ல கையால் குடை பிடித்து நின்றார். "எங்கலா இருக்காங்க?" என்று அடிக்கடி கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அப்பா தோட்டத்தில் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் வேன் கேட்டு வாங்கினார். ஈப்போ பஸ் நிலையத்தில் காத்திருந்தோம். அத்தை வீங்கிய கால்களோடு இறங்கினார். மாமா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த ஒரு பெரிய மனிதர் நான் அத்தையிடம் பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். "அந்தப் பொண்ணு நீதானா?" என்றார். போனில் என்னைத் திட்டிய அதே குரல். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சாப்ட்டியாம்மா?" என்றார். தலையாட்டினேன். அவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மலை ஏறும்போது அத்தை சகஜமாகிவிட்டார். விமானத்தில் போனபோது மேகத்துக்கு மேலே வெயில் அடித்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்: "நீ எப்ப பாப்பா டியூட்டிக்குத் திரும்பிப் போற?"

நான் அதுவரை அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை.

"இனிமே போக எடமில்ல அத்தை" என்றேன். சொன்னதும் கைகள் நடுங்க ஆரம்பித்தன. ஒன்றை ஒன்றால் பிடித்தும் நிற்கவில்லை. மாமா மெதுவாக என் முதுகில் கை வைத்தார்.

மலையில் முதலில் வரும் ஊரான கம்போங் ராஜாவுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா வேனை ஓரங்கட்டினார். "எறங்கிக் கொஞ்ச நேரம் நிப்போம்" என்றார். நின்றோம். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரிகள் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அப்பா என் பக்கத்தில், தோள் இடிக்கிற நெருக்கத்தில் நின்றார். நடுக்கம் அடங்க ரொம்ப நேரமானது. அதுவரை போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.