என்ஜின் அணைத்த இறக்கம்

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து, எங்கள் ஆட்டோ அண்ணன் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிடுவார். "இனி மலையே நம்மள எறக்கி விட்டுரும், டீச்சர்" என்பார். முதலில் அவரைத் திட்டினேன். பிறகு, பள்ளிக்கூடம் விட்டு பதுளைக்குத் திரும்பும் அந்தச் சத்தமில்லாத நேரம் எனக்குப் பிடித்துப்போனது. ஓடை ஓடுவதுகூடக் கேட்கும்.

ஒருநாள் வளைவில் மெதுவாக உருண்டபோது, ரோட்டோரம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பேசுவது கேட்டது. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார். ஆட்டோ வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

"பெட்ரோல் என்ன வெலை வித்தா என்ன, டீச்சருக்கு ஆட்டோ இருக்கு. நம்ம புள்ளைக்குக் காய்ச்சல்னா தூக்கிக்கிட்டுத்தான் நடக்கணும்."

"என்ஜினப் போடுங்கண்ணே" என்றேன்.

"இன்னும் எறக்கம் இருக்கே, டீச்சர்?"

"பரவாயில்ல, போடுங்க."